ஒரே வீடு, நான்கு மதிப்பு: காட்பாடியில் ஒரு பாகப்பிரிவினை

காட்பாடி காந்தி நகரில் ஓர் உள்தெரு. நாற்பதுக்கு அறுபது மனை, 1981-இல் கிரயம் வாங்கியது. 1984-இல் கட்டிய தரைத்தளம், 2009-இல் மேலே எழுப்பிய மாடி. மனையை வாங்கி வீட்டைக் கட்டியவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். 2023 தொடக்கத்தில் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வாரிசுகள் நான்கு பேர். அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து என்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குக் கால் பங்கு. பங்கில் அவர்களுக்குள் தகராறே கிடையாது. தகராறு முழுக்க விலையில்தான்.

ஆட்களை யாரும் கண்டுபிடித்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளையும் கணக்குப் புரியும்படி முழு எண்ணாக்கியிருக்கிறேன். இங்கே வரும் சதுர அடி விலையைக் காந்தி நகர் விலை என்று நம்பி யாரும் தரகரிடம் போய் நிற்க வேண்டாம்.

மூத்த மகன் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கிறார். குடும்பத்தோடு மாடியில் இருக்கிறார். மாடியைத் தன் செலவில் கட்டியது அவர்தான். அப்பா வாயால் சம்மதம் சொன்னார், எழுத்தில் எதுவும் இல்லை. இளையவர் அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருக்கிறார், அங்கேயே வரி கட்டுகிறார். மகளைக் குடியாத்தத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கணவரோடு ஒத்துப்போகாமல் குழந்தையோடு அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டார். குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கும் ஜீவனாம்ச மனுவும் நடந்துகொண்டிருந்தன.

சொத்து மதிப்பீட்டாளரான என்னிடம் வந்தபோது அவர்களிடம் ஏற்கெனவே மூன்று விலை இருந்தது. மூத்தவர் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்த வழிகாட்டி மதிப்பை வைத்திருந்தார்: சதுர அடி 3,000. இளையவரிடம் ஒரு தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலை: 7,500. மகளின் கணவர் தரப்பு எதிர்மனுவில், 'மனுதாரருக்குக் கோடிக்கணக்கில் மதிப்புள்ள வீடு உள்ளது' என்று ஒரே வரி. இந்த மூன்றில் எது சரி என்று சொல்லச் சொன்னார்கள். மூன்றுமே அவர்கள் கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் இல்லை.

எதற்காக, எந்தத் தேதிக்கு

வேலூர்ப் பக்கம் 'வேல்யூயேஷன்' என்றால் பெரும்பாலும் வங்கிக் கடனுக்கு இன்ஜினியர் எழுதித் தருவதைத்தான் நினைக்கிறார்கள். 'சும்மா ஒரு விலை போட்டுக் கொடுங்க சார்' என்பதுதான் வழக்கமான வேண்டுகோள். சும்மா ஒரு விலை என்று ஒன்று கிடையாது. மதிப்பு என்றால் ஒரு நோக்கத்துக்கு, ஒரு தேதியில், இன்ன உரிமைக்கு. இந்த மூன்றையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதாத மதிப்பீட்டை நான் மதிப்பீடாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தவை நான்கு. அண்ணன் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்ள, இன்றைய சந்தை மதிப்பு. சொத்தைக் கைமாற்றிய லாபத்துக்குக் கட்டும் மூலதன ஆதாய வரிக்கு, 2001 ஏப்ரல் 1-ஆம் தேதிய மதிப்பு. இளையவரின் அமெரிக்க வரிக் கணக்குக்கு, அப்பா இறந்த நாளின் மதிப்பு. மகளின் வழக்குக்கு, பிரிக்கப்படாத கால் பங்கின் மதிப்பு. வங்கி தன் பங்குக்கு ஐந்தாவதாக ஒன்று போட்டுக்கொண்டது; அது அவர்கள் கணக்கு, பின்னால் வருகிறேன்.

ஒரு நிபந்தனை வைத்தேன். நான்கு பேரும் கையெழுத்திட்டுக் கூட்டாக நியமிக்க வேண்டும், கட்டணத்தை நான்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மூத்தவர் தானே முழுக்கக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் அவர்தான் வாங்கப்போகிறவர். வாங்குகிறவர் காசில் வந்த அறிக்கையை அமெரிக்காவில் இருக்கும் தம்பி எப்படி நம்புவார்?

வழிகாட்டி மதிப்பு ஏன் விலை ஆகாது

மூத்தவரை நம்பவைக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் மறுபடி ஏற்றியது. 'அன்னிக்கு ஒரே ராத்திரியில உங்க தெருவுல மனை விலை மூணுல ஒரு பங்கு விழுந்துச்சா சார்?' என்று கேட்டேன். சிரித்துவிட்டார். முத்திரைத் தீர்வைக்கு அரசு வைத்திருக்கும் அடித்தளம் அது. பத்திரச் செலவைக் கணக்கிட உதவும், வரியிலும் அதற்கு வேலை இருக்கிறது. அண்ணன் தங்கைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

தரகர் விலையின் கதை வேறு. 7,500 என்பது பொய் இல்லை, இந்தத் தெருவின் விலை இல்லை, அவ்வளவுதான். விஐடிக்குப் போகும் பெரிய சாலையைப் பார்த்த மனைக்கு, கீழே கடையும் மேலே மாணவர் விடுதியும் கட்டலாம் என்று வாங்குகிறவர் கொடுக்கும் விலை அது. உள்தெருவில் அந்தக் கணக்கு ஓடாது.

ஒப்பிட நான் எடுத்துக்கொண்டது காட்பாடி சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்மையில் பதிவான பக்கத்துத் தெருக் கிரயங்களை. பத்திரத்தில் எழுதும் தொகையே கைமாறிய தொகை என்று நம்ப முடியாத ஊர் நம்முடையது. அதனால் வாங்கியவரையும் விற்றவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். ஒரு கிரயம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாக விற்றது, ரொம்பக் குறைவு. இன்னொன்று பக்கத்து மனைக்காரரே வாங்கியது; தன் மனையோடு சேருகிறது என்பதால் ஊர் விலைக்கு மேல் கொடுத்திருந்தார். இரண்டையும் ஒதுக்கினேன், ஒதுக்கிய காரணத்தையும் அறிக்கையில் எழுதினேன். மிஞ்சியவற்றைச் சாலை அகலம், மனையின் முகம், விற்ற காலம் பார்த்துச் சரிக்கட்டியதில் சதுர அடிக்கு 5,000 நின்றது.

நாடாவும் சுத்தியலும்

பத்திரத்தில் 2,400 சதுர அடி. நாடா பிடித்தபோது பின்பக்கம் ஆழம் அறுபது அடி வரவில்லை, ஐம்பத்தெட்டரை. பின்வீட்டுக்காரர் மதில் ஒன்றரை அடி இந்தப் பக்கம் நிற்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. 'அவரு இருக்கும்போதே கட்டிட்டாங்க தம்பி. ஒன்றரை அடிக்கு எதுக்குச் சண்டைன்னு விட்டுட்டாரு' என்றார். 2,340 சதுர அடியையே எடுத்துக்கொண்டேன். மீதி அறுபது சதுர அடியை மீட்க முடியுமா என்பது வக்கீல் வேலை. மனை மட்டும் 1 கோடியே 17 லட்சம்.

கட்டடத்தில்தான் உண்மையான சிக்கல். தரைத்தளம் 1,100 சதுர அடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்மேல் கான்கிரீட் தளம், பில்லர் கிடையாது. இன்று இதே போலக் கட்ட சதுர அடிக்கு 2,000 என்றால் 22 லட்சம். இந்த வகைக் கட்டடத்துக்கு அறுபது வருட ஆயுள், கடைசியில் பத்து சதவீதம் மிச்ச மதிப்பு என்று வைத்தால், நாற்பது வருடத்துக்கு 60 சதவீதம் தேய்மானம். நிற்பது 8 லட்சத்து 80 ஆயிரம். குளியலறைக் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பொத்தலான சத்தம் வந்து ஒரு கை அகலத்துக்குப் பூச்சு கீழே விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. மற்ற இடங்களில் தளம் கெட்டியாகவே இருந்ததால் அதற்காகத் தனியாகக் குறைக்கவில்லை, பழுது என்று படத்தோடு குறித்து வைத்தேன்.

மாடி 950 சதுர அடி. அஸ்திவாரம் ஏற்கெனவே இருப்பதால் சதுர அடிக்கு 1,800. மொத்தம் 17 லட்சத்து 10 ஆயிரம். பதினைந்து வருடம்தான் ஆகிறது, அறுபதில் பதினைந்து என்று போட்டால் பதின்மூன்றேகால் லட்சம் நிற்கும். மூத்தவரின் நண்பரான ஓர் இன்ஜினியர் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் இந்த மாடி நிற்பது நாற்பது வயதுச் சுவரின்மேல். கீழ்த்தளத்துக்கு இன்னும் இருபது வருடம் என்றால் மாடிக்கும் அதே இருபதுதான். கீழே இடிக்கும்போது மேலே மட்டும் அந்தரத்தில் நிற்காது. ஆக மாடியின் முழு ஆயுள் முப்பத்தைந்து வருடம், அதில் பதினைந்து போயிற்று. தேய்மானம் 38.6 சதவீதம், மதிப்பு பத்தரை லட்சம். இதை மூத்தவருக்குத் தாளில் போட்டுக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கட்டும்போது பன்னிரண்டு லட்சம் போட்டவர்.

மதில், கேட், போர்வெல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எழுபதாயிரம். மொத்தம் 1 கோடியே 38 லட்சம்.

மாடி யாருடையது என்பதை அறிக்கையில் நான் எழுதவில்லை. சட்டப்படி மண்ணோடு சேர்ந்தது மண்ணுக்காரர் எல்லோருக்கும் சேரும். அதேசமயம், ஒரு பங்குதாரர் மற்றவர்கள் கண்ணெதிரே தன் பணத்தைப் போட்டுக் கட்டியிருந்தால், பாகம் பிரிக்கும்போது நீதிமன்றங்கள் அந்தப் பகுதியைக் கூடியவரை அவர் பங்கிலேயே ஒதுக்கி நியாயம் பார்ப்பதும் உண்டு. எந்தப் பக்கம் சாய்வது என்பதை மதிப்பீட்டாளர் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றோடு அவர் ஒரு கட்சிக்காரர். நான் செய்தது, இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டது. மாடி பொது என்றால் ஆளுக்கு 34 லட்சத்து 50 ஆயிரம். மாடி மூத்தவருடையது என்றால் மற்ற மூவருக்கும் ஆளுக்கு 31 லட்சத்து 87 ஆயிரத்து 500. வித்தியாசம் இரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

ஒன்றரை வருடமாக அண்ணன் தம்பி போனில் பேசாமல் இருந்தது இந்தத் தொகைக்காகத்தான் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. அதுவரை ஆளாளுக்கு மனதில் இருந்தது இருபது லட்சம், முப்பது லட்சம் வித்தியாசம்.

வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் குடும்ப வக்கீல் சொல்லியிருந்தார். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் பாகப்பிரிவினை வழக்கு, முதல்நிலைத் தீர்ப்பு, அப்புறம் ஆணையர் வந்து அளப்பது, இறுதித் தீர்ப்பு. நாற்பதடி முகப்புள்ள வீட்டை நான்காக வெட்ட முடியாது. 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பிரிக்கச் சொல்லி யாராவது கேட்டால், மற்றவர் நீதிமன்றம் போடும் மதிப்பில் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளலாம். வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவும் வாரிசு ஒருவர் தன் பங்கை விற்கும்போது மற்ற வாரிசுக்கு முன்னுரிமை தருகிறது. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றமே தீர்மானிக்கும். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு மதிப்பீட்டாளர் நாடாவோடு வந்து நிற்பார். அதை இப்போதே செய்துகொண்டார்கள்.

மகளின் கால் பங்கு

2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்து, ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே தங்கள் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அப்பா வழியில் வந்த பங்கையும் மறைக்க முடியாது. மகளுக்குப் பயம்: இதைக் காட்டினால் ஜீவனாம்சம் போய்விடுமோ என்று. மறைத்தால்தான் ஆபத்து என்று வக்கீல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

நம் சட்டத்தில் கணவன் மனைவி சொத்தைப் பாதிப் பாதி பிரிக்கும் முறை இல்லை. அம்மா வீட்டுப் பங்கில் கணவருக்கு உரிமை எதுவும் கிடையாது. ஆனால் ஜீவனாம்சத் தொகையை முடிவு செய்யும்போது மனைவியிடம் என்ன இருக்கிறது என்று நீதிபதி பார்ப்பார். அங்கேதான் 'கோடிக்கணக்கில் வீடு' என்ற வரி வேலை செய்யும்.

இதற்குத் தனி அறிக்கை எழுதினேன். முழு வீட்டின் மதிப்பில் கால் பங்கு என்று வகுத்துப் போட்டால் 34 லட்சத்து 50 ஆயிரம் வரும். அந்தக் கால் பங்கை வெளியாள் யாராவது அந்த விலைக்கு வாங்குவாரா? அம்மாவும் அண்ணனும் குடியிருக்கும் வீட்டில் பிரிக்காத பங்கை வாங்கினால், வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு வழக்கு. சேர்ந்து குடியிருக்க அவர் உரிமை கேட்க முடியாது, குடும்பத்தார் திருப்பி வாங்கிக்கொள்ளவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. எனவே கைக்கு வரக்கூடிய மதிப்பு வகுத்து வந்த எண்ணைவிடக் கணிசமாகக் குறைவு என்று காரணத்தோடு எழுதினேன். வாடகையையும் சேர்த்தேன். இரண்டு தளத்தையும் வாடகைக்கு விட்டால் மாதம் 27,000 வரலாம், அவர் பங்கு 6,750. ஆனால் தரைத்தளத்தில் அம்மாவும் அவரும், மாடியில் அண்ணன் குடும்பமும் இருப்பதால் இப்போது வருவது ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தை விட்டுவிடச் சொல்லி அந்தப் பெண் கேட்டார்: அண்ணன் பணம் கொடுக்கப்போகிறார் என்பதை எழுத வேண்டாம் என்று. மதிப்பீட்டுத் தேதியில் ஒப்பந்தம் எதுவும் ஆகவில்லை, அதனால் எழுத வேண்டியிருக்கவும் இல்லை. ஆனால் பணம் கைக்கு வந்த பிறகு அதையும் நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும் என்று வக்கீல் அவரை உட்காரவைத்து விளக்கினார். அப்படியே பின்னால் தாக்கலும் செய்தார்கள்.

பழைய தேதிகள்

2001 ஏப்ரல் 1 என்பது வரிக்காக. அதற்கு முன் வாங்கிய சொத்தென்றால் வாங்கிய விலைக்குப் பதில் அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம். வாரிசாக வந்த சொத்துக்கு அப்பாவின் அடக்கவிலையே பிள்ளைகளுக்கும். 2020 பட்ஜெட்டுக்குப் பின் ஒரு கடிவாளம் உண்டு: அந்த மதிப்பு, 2001-இல் இருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. வழிகாட்டி மதிப்புக்கு வரியில் வேலை இருக்கிறது என்றேனே, இதுதான். அப்போதைய மனையையும் தரைத்தளத்தையும் சேர்த்து 10 லட்சத்து 80 ஆயிரம் வந்தது, கால் பங்கு 2 லட்சத்து 70 ஆயிரம்.

வக்கீல் முன்னிலையில் பேசி, மாடியின் மதிப்பில் பாதியைப் பொதுவில் சேர்ப்பது என்று முடிவாகி, ஆளுக்கு 33 லட்சம் என்று தீர்த்தார்கள். 2024 ஜூலை 23-க்குப் பிறகு நடந்த கைமாற்றம் இது. இங்கே குடியிருப்பவருக்கு இரண்டு வழி: விலைவாசிக் குறியீட்டால் அடக்கவிலையை ஏற்றாமல் 12.5 சதவீதம், அல்லது பழையபடி குறியீட்டோடு 20 சதவீதம். மகளுக்கு முதல் வழியில் 3 லட்சத்து 78 ஆயிரம் சொச்சம். 363 என்ற குறியீட்டைப் போட்டு அடக்கவிலையை 9 லட்சத்து 80 ஆயிரமாக ஏற்றினாலும் இரண்டாவது வழியில் 4 லட்சத்து 64 ஆயிரம். செஸ் என்ற கூடுதல் வரி தனி. முதல் வழியே மேல். பழைய வீடென்றால் குறியீடுதான் லாபம் என்று எல்லோரும் சொல்வார்கள், போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இளையவருக்கு அந்தத் தேர்வே கிடையாது; அது இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அவருக்குப் பணம் கொடுக்கும் அண்ணன் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சொந்தத் தம்பி என்றாலும் வெளிநாட்டில் குடியிருப்பவரிடம் வாங்கினால் ஐம்பது லட்சத்துக்குக் கீழ் விலக்கு என்ற பேச்செல்லாம் கிடையாது. முழுத் தொகையிலும் பிடித்துவிடாமல் லாபத்துக்கு மட்டும் பிடிக்க, வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தச் சான்று வாங்கினார்கள். அதற்கு இணைப்பாகப் போனது அந்த 2001 அறிக்கைதான்.

அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே, வாரிசாக வந்த சொத்துக்கு இறந்தவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே அடக்கவிலை. 2023 தொடக்கத்தில் மனை விலை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அவர் வாங்கிய 33 லட்சத்துக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லை. இங்கே பெரிய லாபமாகத் தெரிவது அங்கே சின்ன லாபம். இந்தியாவில் வாரிசு வரி 1985-இலேயே ஒழிந்துவிட்டதால் நம் ஊரில் இறந்த நாள் மதிப்பை யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்டு வாங்கி வைப்பது நல்லது. அவருடைய கணக்கர் ஒரு சந்தேகமும் எழுப்பினார்: கிரயப் பத்திரத்தில் வட ஆர்க்காடு மாவட்டம் என்று இருக்கிறது, அறிக்கையில் வேலூர் மாவட்டம் என்று இருக்கிறது, ஒரே சொத்துதானா? 1989-இல் மாவட்டம் பிரிந்த கதையை ஒரு பத்தி எழுதி அனுப்பினேன்.

வங்கியும் பத்திரமும்

66 லட்சத்துக்கு மூத்தவர் வீட்டுக் கடனை நம்பியிருந்தார். வங்கியின் மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வரைபட அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும்தான் இருந்தது. மாடிக்கு வீட்டு வரி கட்டிய ரசீது இருந்தாலும் அது அனுமதி ஆகாது. கடன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. வாலாஜா பக்கம் இருந்த ஒரு காலி மனையை விற்றுத்தான் மீதியைப் புரட்டினார். என் அறிக்கையில் மாடிக்குப் பத்தரை லட்சம், வங்கி அறிக்கையில் பூஜ்யம். இரண்டும் சரிதான். குடும்பத்துக்கு அது குடியிருக்கும் வீடு, வங்கிக்கு நாளை ஏலம் விட வேண்டியிருக்கும் அடமானம்.

கிரயமாகப் போட்டிருந்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஒன்பது சதவீதம். குடும்பத்துக்குள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பதால் தலா ஒரு சதவீதம், அதிலும் 2023 ஜூலையில் வைத்த உச்சவரம்பு: தீர்வை 40,000, பதிவுக் கட்டணம் 10,000. இளையவர் வரவில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்ட பவரைத் தாய்மாமாவுக்கு அனுப்பினார். அது இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை வைத்தாக வேண்டும் என்பதால் பதிவுத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொண்டார்கள்.

அம்மாவின் பங்கைப் பற்றி முதலில் யாருமே பேசவில்லை. அவரும் மூத்த மகனுக்கே எழுதிக் கொடுத்துவிடுவார் என்று எல்லோரும் தானாகவே எடுத்துக்கொண்டார்கள், வரைவுப் பத்திரத்தில்கூட அப்படித்தான் இருந்தது. மூன்று பேர் விடுதலை செய்வதாக வரைவை வாசித்தபோது அவர் குறுக்கிட்டு, 'நான் எப்போ பா எழுதித் தரேன்னு சொன்னேன்?' என்று கேட்டார். வரைவைத் திருத்தினார்கள். இப்போது வீட்டில் முக்கால் பங்கு மூத்தவருக்கு, கால் பங்கு அம்மாவுக்கு. பட்டா இருவர் பெயரிலும் கூட்டாக மாறியிருக்கிறது. மாடியை வரன்முறைப்படுத்த மூத்தவர் மாநகராட்சியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.